மேகவாகனத்தின் பதினாறு பயணிகள்

மனிதகுலம் சக்கரத்தைக் கண்டுபிடித்துவிட்டு, அதை எங்கே உருட்டினால் ஜனங்களுக்கு நல்லது என்று தெரியாமல் பல ஆயிரம் வருஷம் திண்டாடியது. அந்தத் திண்டாட்டத்துக்கு முற்றுப்புள்ளி வைத்த பெருமை, திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகிற வழியில், கல்லாற்றங்கரையில் கடை விரித்திருந்த ‘மலையோர உல்லாச வளர்ச்சிக் கழக’த்தையே சேரும். உலகத்திலேயே மிகப் பாதுகாப்பான ரோலர் கோஸ்டர் அங்கேதான் இருந்தது. எட்டு வருஷம் ஓடியது. ஒரு மனிதருக்குச் சிராய்ப்பு இல்லை, தலைசுற்றல் இல்லை, ஒரு வாய் வாந்திகூட இல்லை. அமெரிக்காக்காரன் தலைகீழாக நின்றாலும் எட்ட முடியாத இந்தச் சாதனையின் ரகசியம் ரொம்ப எளிது. அதில் ஒரு மனிதரையும் ஏற்றவில்லை.

ஏறியவை மணல் மூட்டைகள். அவற்றின் சார்பில் கத்தியவள் ஆவுடைத்தாய்.

கழகத்தின் ஆண்டறிக்கைகளில் மூட்டைகளைப் பற்றி நிறைய இருக்கிறது, ஆவுடைத்தாயைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. ஆகவே வரலாற்றின் மேல் அக்கறை உள்ளவர்கள் இதை வாய்மொழியாகத்தான் கேட்டாக வேண்டும்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் கழகத்தின் சேர்மன் நீலகண்டனும் ஆறு உறுப்பினர்களும் ஐரோப்பாவில் ஏதோ ஒரு கடற்கரை ஊருக்குக் ‘கல்விப் பயணம்’ போனார்கள். அங்கே ஒரு கேளிக்கைப் பூங்காவின் மூலையில், வேலை முடிந்து ஓய்வுபெற்ற ஒரு எஃகு ரோலர் கோஸ்டர் நின்றுகொண்டிருந்தது. ஓய்வுபெற்றவர்களை ‘ஆலோசகர்’ என்று பேர் வைத்து மறுபடி வேலைக்கு எடுப்பது நம் ஊரில் புதிதல்ல. இரும்புக்கு மட்டும் அந்தச் சலுகையை எப்படி மறுப்பது? சேர்மன் குடைக்காம்பால் தண்டவாளத்தை இரண்டு தட்டுத் தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். “நல்ல இரும்பு” என்று சான்றளித்தார். ஏழு பேரும் பிள்ளைகுட்டிக்காரர்களானதால் யாரும் ஏறிப் பார்க்கவில்லை. ‘கல்வி’ பூர்த்தியாயிற்று.

கப்பலில் வந்த வண்டிக்கு ‘மேகவாகனம்’ என்று நாமகரணம் செய்தார்கள். கூடவே வந்த கையேட்டைப் பெரும்பாடுபட்டு மொழிபெயர்த்தார்கள். அதில் ஒரு வாக்கியம் எல்லோர் மனதையும் கவர்ந்தது: ‘முழுத் திருப்தி ஏற்படும்வரை மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டிப் பார்க்கவும், திருப்தி ஏற்பட்டதும் பொறுப்பாளர் கையெழுத்திட்டு மனிதரை ஏற்றவும்.’ உடனே ஐந்து இன்ஜினியர்களைக் கொண்ட ‘பாதுகாப்புத் திருப்திக் கமிட்டி’ அமைந்தது. அதன் முதல் கூட்டத்திலேயே விஷயம் சூடுபிடித்துவிட்டது.

“மெக்கானிக்கலுக்குத் திருப்திதானே?”

“திருப்திதான். ஆனா முதல்ல சிவில் திருப்திப்படட்டும்.”

“எலெக்ட்ரிக்கல் திருப்திப்படாம சிவில் எப்படி சார் திருப்திப்படும்?”

“எனக்கு மனசளவில திருப்தி உண்டு. கையெழுத்தளவில இல்லை.”

கடைசியில், ‘திருப்தியை நோக்கிப் படிப்படியாக முன்னேறுவது’ என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டுவிட்டு, ஏத்தங்காய் வறுவலைத் தின்றுவிட்டுக் கலைந்தார்கள். அந்த முன்னேற்றம் எட்டு வருஷம் நடந்தது.

ஆவுடைத்தாய் இந்த வரலாற்றுக்குள் சிமென்ட் சட்டியோடு நுழைந்தவள். அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர்க்காரி. புருஷன் செல்வமணி திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு ஓட்டலில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தான். வாரம் ஒரு தடவை வருவான். அவளும் மகள் கலைச்செல்வியும் கல்லாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஓடு போட்ட ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். மேகவாகனத்தின் தூண்களுக்குக் கான்கிரீட் சுமந்த சித்தாள்களில் அவளும் ஒருத்தி.

பரீட்சார்த்த ஓட்டத்தின் அதிகாரபூர்வத் தொடக்க விழா அன்று சேர்மன் ரிப்பன் வெட்டினார், குத்துவிளக்கு ஏற்றினார், இரண்டு மணி நேரம் பேசினார். ஆவுடைத்தாய் அந்தப் பக்கம் தண்டவாளத்துக்குக் கீழே சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். வண்டி ஓடப்போகிறது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. பதினாறு மூட்டைகளைச் சுமந்துகொண்டு மேகவாகனம் தடதடவென்று அவள் தலைக்கு மேலே இறங்கியது. அவள் கத்தினாள் பாருங்கள், ஒரு கத்தல்! தாமிரபரணியின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரையில் மாடு குளிப்பாட்டுகிறவனைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது.

ரோட்டில் போன பொன்முடி பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் முதற்கொண்டு எல்லோரும் எவனோ செத்தான் என்று நினைத்து ஓடிவந்தார்கள். ஒருவரும் சாகவில்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் ஏமாற்றம்தான். இருந்தாலும் இவ்வளவு தூரம் வந்ததற்கு ஆளுக்கொரு நுழைவுச்சீட்டு வாங்கி, மூட்டைகள் சுற்றுவதை வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் யாரும் கத்தவில்லை, யாரும் வரவில்லை. அதற்கும் மறுநாள் ஜெனரல் மேனேஜர் சுந்தரராமன் நேரே சித்தாள்கள் இருந்த இடத்துக்கு வந்தார். திருவனந்தபுரம் கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்தவர். கழகத்தில் தமிழர் சம்பந்தப்பட்ட எல்லாச் சங்கடங்களும் அவர் தலையில்தான் விடியும்.

“ஏம்மா ஆவுடை, முந்தாநாள் கத்தினியே, அதே மாதிரி இன்னொரு தடவை கத்தறியா?”

“எதுக்கு சார்? அன்னைக்குப் பயந்துல்லா கத்துனேன்.”

“பயப்படாம கத்த முடியாதோ?”

“பயப்படாம எவளாவது கத்துவாளா சார்? பைத்தியம்னுல்லா சொல்லுவாக.”

“நீயாக் கத்தினாப் பைத்தியம். கழகம் சொல்லிக் கத்தினா ட்யூட்டியாக்கும்.”

இப்படியாக ‘ஒலி உதவியாளர் (தற்காலிகம்)’ என்ற பதவி பிறந்தது. சிமென்ட் சட்டியைவிடக் கூலி கூடுதல். மிக உயரமான இறக்கத்துக்குக் கீழே, பார்வையாளர் கண்ணில் படாமல், செம்பருத்திப் புதருக்குப் பின்னால் அவளுக்குத் தகர ஷெட் ஒன்று போட்டுக் கொடுத்தார்கள். வெயில் காலத்தில் அதற்குள் அப்பளம் பொரிக்கலாம்.

மூட்டைகளுக்கும் நல்ல காலம் பிறந்தது. ரோட்டிலிருந்து பார்த்தால் மூட்டை மூட்டையாகத் தெரிகிறது என்று சேர்மன் வருத்தப்பட்டதால், பதினாறுக்கும் சட்டை தைத்துப் போட்டார்கள், தொப்பி வைத்தார்கள். பதிவேடுகளில் ‘மூட்டை’ என்ற சொல் நீங்கி ‘பயணி’ ஆயிற்று. பயணி என்று ஆனபிறகு இன்சூரன்ஸ் இல்லாமல் விட முடியுமா? எடுத்தார்கள். மழையில் நனைந்தால் ஆகாது என்று ஓட்டுக்கூரை போட்ட ஷெட், திங்கட்கிழமை வார விடுமுறை, தையல் விட்டுப்போனால் ‘உடல்நலக் குறைவு’ என்று எழுதி மாற்று மூட்டை. மேகவாகனத்தின் லீவரைப் பிடித்து ஓட்டுகிற வேலாயுதன்தான் தினமும் மூட்டைகளுக்குப் பெல்ட் மாட்டுவான். பாறசாலைக்காரன், கழகத்தின் ஸ்திர ஊழியன். வருகிறவர்கள் எல்லோரும் அவனிடம்தான் கேட்பார்கள்:

“ஆளை எப்ப ஏத்துவிய?”

“அடுத்த ஓணத்துக்கு” என்பான், கண்ணிமைக்காமல். எட்டு ஓணம் வந்து போயிற்று.

ஆவுடைத்தாய் சும்மா கத்திவிட்டுப் போகிறவள் இல்லை. அவளுக்கு வேலையில் ஒரு கர்வம் வந்துவிட்டது. வண்டி ஏறும்போது லேசான முனகல், உச்சியில் ஒரு ‘ஐயய்யோ’, இறக்கத்தில் ஆளை உலுக்குகிற அலறல், வளைவில் உயிர் பிழைத்த சிரிப்பு. ஒரே தொண்டையில் பதினாறு பேர். பருத்த ஆள் ஒருவர் “என்டம்மே!” என்பார், புதுசாகக் கல்யாணமான பெண் “விடாதீங்க, பிடிச்சுக்கிடுங்க” என்பாள், குழந்தை வீரிடும். மலையாளப் பயணிகளின் எண்ணிக்கை குறைவாக ஒலிப்பதாக ஒருவர் ஆட்சேபித்ததால், பத்துப் பேர் மலையாளத்திலும் ஆறு பேர் தமிழிலும் அலற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அதையும் செய்தாள். பொன்முடி பஸ்ஸில் போகிறவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு இறங்கினார்கள். இறங்காதவர்கள் மேலே இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகளில் தாங்களே அலறிக்கொண்டு போனார்கள். அந்த பஸ்ஸை மணல் மூட்டை வைத்து யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் மகளை “அலறுந்ந சேச்சியுடெ மோள்”, அதாவது அலறுகிறவளின் மகள், என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள். கலைச்செல்வி ஒரு நாள் அழுதுகொண்டு வந்தாள்.

“அம்மா, நீ வேற வேல பாக்கக்கூடாதா?”

“ஏன்ட்டி, நான் என்ன திருடவா செய்யுதேன்? பதினாறு பேரு செய்ய வேண்டிய வேலைய ஒத்தையில செய்யுதேன். போய்ச் சொல்லு அந்தப் பிள்ளையள்ட்ட.”

அஞ்சாம் வருஷம் எச்சில் துப்பினால் சிவப்பாக வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார். தொண்டைக்குள் தடித்துப் போயிருக்கிறது என்றார். ஒரு மாதம் வாயைத் திறக்கவே கூடாது, மீறினால் ஒரு நாள் மொத்தமாகச் சத்தம் போய்விடும், திரும்பி வராது என்றார். ஆவுடைத்தாய் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரு மாதம் கூலி இல்லாமல் இருந்துவிடலாம். பரோட்டாக்காரன் எதையாவது கொண்டுவந்து போடுவான். ஆனால் கழகத்தின் சட்டம் தெளிவாக இருந்தது. ஸ்திர ஊழியருக்கு நோய் வந்தால் சம்பளத்தோடு விடுப்பு. தற்காலிக ஊழியருக்கு நோய் வந்தால் நிரந்தரமாக விடுப்பு.

சுந்தரராமன் முன்னால் போய் நின்றாள்.

“சார், என்னைய ஸ்திரமாக்கிருங்க சார். தொண்ட போயிட்டுன்னா நான் எங்க போவேன்?”

“ஸ்திரம் பண்ணணும்னா போஸ்ட் வேணுமே அம்மா. கத்தறதுக்குன்னு சர்க்கார்ல ஏது போஸ்ட்?”

“மூட்டைக்கு இன்சூரன்சு இருக்கே சார்.”

“அது பயணி. நீ பயணியா?”

“இல்ல.”

“ஆப்பீசரா?”

“இல்ல சார்.”

“அப்போ எந்தத் தலைப்புல உன்னைச் சேர்க்கறது, நீயே சொல்லு. உன் நல்லதுக்குத்தான் கேக்கறேன்.”

மனசு கெட்டவர் அல்ல சுந்தரராமன். அவள் போனபிறகு வெகுநேரம் தலைப்பை யோசித்துக்கொண்டிருந்தார் என்று கேள்வி.

அவள் தொழிற்சங்கத்துக்குப் போனாள். மூட்டைகளைக் காலையில் ஏற்றி மாலையில் இறக்குகிற சுமைத் தொழிலாளர் சங்கம் அது. செயலாளர் அனூப் தாடியைச் சொறிந்து தீவிரமாக ஆலோசித்தார்.

“சத்தத்துக்கு வெயிட் உண்டோ சேச்சி?”

“சத்தத்துக்கு ஏது தம்பி வெயிட்டு?”

“அப்ப சுமையில வராது. நீங்க கலாகாரி. கலைஞருங்க சங்கத்துல போய்ப் பறயணும்.”

கலைஞர்கள் சங்கத்தில், மேடை ஏறாதவர் கலைஞர் ஆக மாட்டார் என்றார்கள்.

வேலாயுதனுக்கு இதையெல்லாம் பார்த்துப் பொறுக்கவில்லை. “அக்கா, நான் ஒரு காரியம் சொல்லட்டா? உனக்க சத்தத்த ஒரு கேசட்டுல பிடிச்சுப்போடுவோம். வண்டி இறங்கச்சில நான் பட்டன அமுக்குதேன். நீ சும்மா ஷெட்டுல இருந்து கூலிய வாங்கு. யாருக்குத் தெரியப் போவுது?” என்றான். நல்ல யோசனை. பிடித்தார்கள். இரண்டு நாள் ஆவுடைத்தாய் வாயில் கற்கண்டைப் போட்டுக்கொண்டு, தன் குரல் தனக்கு முன்னால் அலறுவதை ராணி மாதிரி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் அனூப்புக்குத் தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலமே கொடி பிடித்து ஊர்வலம்! ‘தொழிலாளியின் தொண்டைக்குப் பதில் யந்திரமோ? அனுவதிக்கில்லா, விடமாட்டோம்!’ என்ற கோஷம் கல்லாற்றுப் பாறைகளில் மோதித் திரும்பியது. அவளைச் சங்கத்தில் சேர்க்க முடியாதுதான். அதற்காக அவளுக்கு இழைக்கப்படும் அநீதியைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? போராட்டம் மகத்தான வெற்றி. கேசட்டைப் பறிமுதல் செய்தார்கள். யந்திரத்திடமிருந்து மீட்கப்பட்ட தொண்டையால் மறுநாள் காலையிலிருந்து ஆவுடைத்தாயே கத்தினாள்.

இரண்டாயிரத்து நாலில் மூன்று பெரிய சம்பவங்கள் அடுத்தடுத்து நடந்தன.

முதலாவது, சேர்மன் நீலகண்டன் கணினி பற்றிய ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வேறு மனிதராகத் திரும்பினார். ‘காகிதமற்ற நிர்வாகம்’ என்று அறிவித்தார். மனுக்கள் ஒழிந்தன. ஆவுடைத்தாய் வருஷாவருஷம் யார் யாரையோ பிடித்து எழுதிக் கொடுத்தவையும் சேர்ந்து ஒழிந்தன. இனி யாருக்காவது பராதி, அதாவது குறை ஏதும் இருந்தால், ‘பராதி அதாலத்து’ என்கிற குறைதீர்ப்பு மேடையில், மைக் முன்னால் வந்து, சம்பந்தப்பட்டவரே தம் வாயால் சொல்ல வேண்டும். அதை டேப்பில் பிடித்துக்கொள்வார்கள். சேர்மன் அங்கேயே தீர்ப்பு வழங்குவார்.

இரண்டாவது, ஐம்பத்தைந்து வயது ஆன எவரும் கழகத்தின் சேவையிலிருந்து ஓய்வுபெற வேண்டும் என்ற சுற்றறிக்கையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்த ஒரு குமாஸ்தா, மேகவாகனத்தின் பித்தளைத் தகட்டில் ‘1949’ என்றிருப்பதைக் கண்டுபிடித்தார். அவ்வளவுதான். வண்டிக்கு ஓய்வு உத்தரவு. சேர்மனுக்கும் அதே வயதுதான். ஆனால் அவர் சேவை செய்யவில்லை, தலைமை தாங்கினார்.

மூன்றாவது, இனி அந்த வண்டியில் ஆளை ஏற்றப் போவதே இல்லை என்று உறுதியான அன்று, கமிட்டியின் ஐந்து இன்ஜினியர்களுக்கும் முழுத் திருப்தி ஏற்பட்டது. ஒரே பேனாவை வாங்கி வாங்கிக் கையெழுத்துப் போட்டார்கள்.

வண்டி ஓய்வுபெற்றால் ஸ்திர ஊழியர்களை வேறு இடங்களுக்கு மாற்றுவார்கள். தற்காலிகங்கள் வீட்டைப் பார்க்கப் போக வேண்டியதுதான். சுந்தரராமன் ஆவுடைத்தாயைத் தனியாகக் கூப்பிட்டார். முகத்தில் ஏதோ சாதித்த மாதிரி ஒரு களை.

“கேட்டியோ, வண்டியோட பிரிவுபசார விழாவிலேயே அதாலத்தும் வெச்சிருக்கா. சேர்மன்ட்ட நான் பேசிட்டேன். நீ மைக்ல வந்து ‘என்னை ஸ்திரப்படுத்தணும்’னு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாப் போறும். அங்கேயே உத்தரவு.”

ஆவுடைத்தாய்க்குத் தலைகால் புரியவில்லை. “நீங்க நல்லா இருப்பீக சார்” என்றாள். குரல் அப்போதே பாதிக் காற்றாகத்தான் வந்தது.

“ஆனா ஒண்ணு. இந்த மாசம் பூரா ‘விடைபெறும் மாதம்’னு ஸ்பெஷல் ஷோ. ஒரு நாள் வராட்டாலும் உன் பேரை எடுத்துடுவா. பேர் போனா அதாலத்துல நிக்க முடியாது. பாத்துக்கோ.”

கத்தாவிட்டால் பேர் போகும். கத்தினால் குரல் போகும். ஒரு வாக்கியம், மூன்று சொல்கூட முழுசாக இல்லை, அதற்காக அவள் ஒரு மாதம் குரலைச் சேர்த்து வைக்க ஆரம்பித்தாள். ஷெட்டில் கத்துகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் மௌனம். கடைக்காரரிடம் சாமானைக் கையைக் காட்டி வாங்கினாள். ஆற்றங்கரையில் விளையாடுகிற கலைச்செல்வியைக் கூப்பிட வட்டிலில் கரண்டியால் தட்டினாள். ஒரு தட்டு என்றால் வா, இரண்டு தட்டு என்றால் சாப்பிட வா, விடாமல் தட்டினால் முதுகு பழுக்கப் போகிறது என்று அர்த்தம். ராத்திரி படுத்துக்கொண்டு அந்த வாக்கியத்தை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்ப்பாள். பயமாகத்தான் இருந்தது.

“பேடிக்காண்டாம் அக்கா” என்றான் வேலாயுதன். “அன்னைக்கு உனக்குச் சத்தம் வரல்லேண்ணா நான் எந்திரிச்சுச் சொல்லுதேன். நான் இருக்கேன்லா.”

விழா நாளும் வந்தது. மேகவாகனத்தின் முன்பெட்டிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், ரோஜா மாலை போட்டார்கள், ஈட்டி மரத்தில் செய்த யானை ஒன்றை நினைவுப்பரிசாக அதன் இருக்கையில் வைத்தார்கள். பந்தலில் ஊரே கூடியிருந்தது. கூட்டம் தொடங்குவதற்கு முன் வண்டியின் கடைசி ஓட்டம். சேர்மன் கடிகாரத்தைப் பார்த்தபடி, “லாஸ்ட் ரைடு அல்லே, நல்லா ஒண்ணு அலறச் சொல்லுங்க” என்றார்.

சுந்தரராமன் செம்பருத்திப் புதருக்கு வந்தார். ஆவுடைத்தாய் கைகூப்பினாள். இது ஒன்றை மட்டும் விட்டுவிடும்படி தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

“இதுவும் ட்யூட்டிதானே அம்மா. கடைசி ட்யூட்டி. இதோ முடிஞ்சுடும்.”

வேலாயுதன் லீவரை இழுத்தான். வண்டி ஏறியது, உச்சியில் ஒரு கணம் நின்றது, இறங்கியது. ஆவுடைத்தாய் கத்தினாள். எட்டு வருஷத்தில் அப்படி ஒரு கத்தல் கிடையாது. பந்தலில் இருந்த குழந்தைகள் எல்லாம் வீரிட்டன. ரோட்டில் போன பஸ் நின்றுவிட்டது. முதல் நாள் மாதிரியே அவள் பயந்து கத்தினாள். அதனால்தான் அவ்வளவு நன்றாக இருந்தது. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு தகர ஷெட்டில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே என்னமோ அறுந்தது அவளுக்குத் தெரிந்தது.

கூட்டம் தொடங்கியது. முன்வரிசையில் ‘பயணிகள்’ என்று அட்டை ஒட்டிய சிவப்பு நாற்காலிகளில், புதுச்சட்டை போட்டுக்கொண்டு பதினாறு மூட்டைகள். அவற்றுக்குப் பின்னால் இன்ஜினியர்கள், அனூப்பும் சங்கத்தாரும், ஊழியர்கள், ஊர்க்காரர்கள். சேர்மன் மூட்டைகளைச் சுட்டிக்காட்டிப் பேசும்போது கண்கலங்கிவிட்டார்.

“நோக்கூ, எட்டுக் கொல்லம்! எத்தனை கறக்கம், எத்தனை இறக்கம்! ஒரு பராதி, ஒரே ஒரு பராதி இவரு பறஞ்சிட்டுண்டோ? இவரல்லே நம்ம நாட்டுக்கு வேண்ட உத்தம பௌரன்மார்!”

எட்டு வருஷத்தில் ஒரு குறைகூடச் சொல்லாத உத்தமக் குடிமக்கள் அடக்கமாக உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு அதாலத்து. டேப் ஓட ஆரம்பித்தது. கணக்குப் பிரிவுக்கு ஒரு மின்விசிறி வேண்டும் என்று ஒருவர் கேட்டார். உத்தரவு. மூட்டைகளை இறக்குகிற கடைசிக் கூலி எப்போது என்று அனூப் கேட்டார். உத்தரவு. “அடுத்து, ஒலி உதவியாளர் தற்காலிகம், ஆவுடைத்தாய்” என்று சுந்தரராமன் கூப்பிட்டார்.

அவள் மைக் முன்னால் வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். வாயைத் திறந்தாள்.

காற்று வந்தது.

மறுபடி திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. காற்றுகூடச் சரியாக வரவில்லை.

“மைக் போயி” என்று யாரோ சொன்னார்கள். மைக் செட்காரன் ஓடிவந்து “ஹலோ, ஹலோ, செக்” என்றான். பந்தல் அதிர்ந்தது. மைக்குக்கு ஒரு கோளாறும் இல்லை.

“பேடி வேண்டா சேச்சி. தைரியமாய்ப் பறயணும்” என்றார் சேர்மன், தகப்பன் மாதிரி. எலுமிச்சைச் சாறு கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தார்கள். குடித்தாள். திறந்தாள். இல்லை. அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள், மேகவாகனத்தைக் காட்டினாள், தன் நெஞ்சில் தட்டினாள், இரண்டு கையையும் கூப்பினாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

“கண்டோ!” என்று சேர்மன் எழுந்துவிட்டார். “நன்றி பறயான் வார்த்தை கிட்டுந்நில்லா! இதாணு ஆத்மார்த்தம்!”

நன்றி சொல்ல வார்த்தை வராதவளுக்கு அப்படி ஒரு கைதட்டல்.

“சீக்கிரம் சொல்லும்மா, ஒரே வாக்கியம்தானே” என்று சுந்தரராமன் பல்லிடுக்கில் கெஞ்சினார். அந்த வாக்கியம் அவருக்கு மனப்பாடம். அவர் கையிலும் ஒரு மைக் இருந்தது. ஆனால் சம்பந்தப்பட்டவர்தான் சொல்ல வேண்டும் என்பது விதி. விதியை மீறி அவருக்குப் பழக்கமில்லை.

ஆவுடைத்தாய் கூட்டத்தில் வேலாயுதனைத் தேடினாள். மூன்றாவது வரிசையில் இருந்தான். அவள் பார்த்ததைப் பார்த்துவிட்டான். எழுந்தான். தம்பானூர் ஆபீசுக்கு மாற்றல் உத்தரவு அன்று காலையில்தான் அவனுக்குக் கிடைத்திருந்தது. காகிதமற்ற நிர்வாகத்தில் அந்த ஒரு காகிதம் மட்டும் அவன் சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது. சேர்மன் புருவத்தை உயர்த்தி “எந்தா வேலாயுதா?” என்றார். வேலாயுதன் வேட்டியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினான். அதற்காகத்தான் எழுந்தவன் போல உட்கார்ந்துகொண்டான்.

சட்டை போட்ட மணலுக்காக எட்டு வருஷம் கத்துவதற்கு விதியில் இடம் இருந்தது. கத்தியவளுக்காக ஒரு வாக்கியம் சொல்லத்தான் இடம் இல்லை. டேப் கொஞ்ச நேரம் சும்மா ஓடியது. பிறகு சேர்மன், “சரி, அடுத்தது” என்றார்.

அன்று சாயங்காலம் கல்லாற்றுப் பாலத்துப் பக்கம் வெகுநேரம் வட்டில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கலைச்செல்வி முதல் தட்டிலேயே வந்துவிட்டாள். அப்புறமும் ஆவுடைத்தாய் தட்டிக்கொண்டிருந்தாள்.

கழகத்தின் அறிக்கை கணினியில் தயாராகி, நாடு முழுவதற்கும் முன்மாதிரியாகத் திகழ்கிறது. உண்மைக்குப் புறம்பாக அதில் ஒரு எழுத்து இல்லை. ‘மேகவாகனம் எட்டு ஆண்டுகள் விபத்தின்றிச் சேவையாற்றி ஓய்வுபெற்றது. அதாலத்தின் ஒலிநாடா முழுவதும் கவனமாகக் கேட்கப்பட்டது. ஒலி உதவியாளர் (தற்காலிகம்) தரப்பில் பராதி எதுவும் பதிவாகவில்லை. விழாவின் முன்வரிசையில் பதினாறு மணல் மூட்டைகள் அமர்ந்திருந்தன.’

பின்வரிசைகளில் எத்தனை என்று மட்டும் அதில் இல்லை.